என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்

டிராம் ஓட்டுகிறவனை அடிப்பது சுலபம். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைக் கைப்பிடியில் அவனுடைய இடது கை இருக்கும். வலது கை பிரேக்கில் இருக்கும். ஒரு கால் மணியை மிதித்துக்கொண்டிருக்கும். எங்கள் காலத்து வண்டிகளில் முன்பக்கம் கண்ணாடி கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு, அதற்கு மேலே வெறும் காற்று. எதிரே இருந்து எதை எறிந்தாலும் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கையை எடுத்து மறைத்தால் வண்டி யார் மேலாவது ஏறிவிடும். நான் ராயபுரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவே ஓட்டிய வருஷங்களில் வெற்றிலை எச்சில், அழுகிய மீன், செருப்பு, ஜல்லிக்கல் எல்லாம் என்மேல் விழுந்திருக்கின்றன. முதலில் விழுந்தது ஒரு சாட்டையடி. அடித்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் அப்பாவுக்கு ராயபுரத்தில் மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சரக்கு விற்றுப் பிழைத்த குடும்பம். யுத்தத்தின்போது, குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானது. அப்பா கடையைப் பூட்டிக்கொண்டு எல்லாரையும் ரயிலேற்றினார். நான் ஏறவில்லை. டிராம் கம்பெனியில் ஆள் போதாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன். பருப்பு நிறுப்பதைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா திரும்பி வந்து ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த நாளில் வட சென்னையே டிராமில்தான் போய்வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், காசிமேட்டு மீன்காரப் பெண்கள், கிடங்குக் கணக்கர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில். படி தாழ்வாக இருக்கும். வேகமும் அதிகமில்லை. கூடை வைத்திருக்கிறவளும் கர்ப்பிணியும் நிதானமாக ஏறி உட்காரலாம். எங்களுக்கு இருந்த ஒரே சங்கடம், டிராம் ஒதுங்காது. எதிரே என்ன நின்றாலும் அதுதான் ஒதுங்க வேண்டும்.

ஒதுங்காதவர்கள் துறைமுகத்து மாட்டுவண்டிக்காரர்கள். கல் பாவிய சாலையில் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். மாடு நுரை தள்ளும். அதே சக்கரத்தைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றிவிட்டால் பாரம் பாதியாகக் குறைந்தது போல வழுக்கிக்கொண்டு போகும். அதனால் தண்டையார்பேட்டைக் கிடங்குகளுக்குப் போகிற வண்டி எல்லாம் எங்கள் தடத்தில்தான் ஊரும். பின்னால் நான் மணியை மிதிப்பேன். அவர்கள் காதில் விழாதது போல் பீடி பிடிப்பார்கள். தினம் சண்டை.

என்னைச் சாட்டையால் அடித்தவர் அதில் பேர்போனவர். நாற்பது வயதிருக்கும். குள்ளம், தோளும் கழுத்தும் ஒன்றாகிவிட்ட உடம்பு. ஆனால் ஆளைவிடக் குரல் பெரிது. அவர் மாட்டை அதட்டினால் தெருவில் போகிற மற்ற மாடுகளும் நிற்கும் என்பார்கள். ஒரு நாள் காலை கல்மண்டபத்திலிருந்து அவர் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வந்தேன். வண்டிக்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஜனங்கள் என்னைத் திட்டினார்கள்.

"நைனா, லைன வுட்டு ஒதுங்கு" என்றேன்.

"இன்னாடா அவசரம்? உன் வண்டிக்கு வயித்தால போவுதா?" என்றார் திரும்பாமலே.

எங்கள் கண்டக்டர் என் வயதுக்காரன், வியாசர்பாடியிலிருந்து வருகிறவன், கோபக்காரன். குதித்து ஓடிப்போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவர் சாட்டையைச் சுழற்றினார். கண்டக்டர் குனிந்துகொண்டான். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் காதில் சாட்டை நுனி விழுந்தது. காது மடல் கிழிந்து தோள்பட்டை வரை ரத்தம் வந்துவிட்டது. அவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தண்டவாளம் உங்க அப்பன் வூட்டுதா?" என்று சொல்லிவிட்டு மெதுவாக வண்டியை ஒதுக்கினார்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பகை. அவர் வண்டி எதிரே தெரிந்தாலே எனக்குக் காது வலிக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. நனைந்த தண்டவாளத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது; சறுக்கிக்கொண்டே போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு டிராமிலும் மணல் பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு மிதியை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும். எங்கள் வண்டியில் பெட்டியின் மூடி உடைந்து, உள்ளே மழை இறங்கி, மணல் சேறாகிக் கிடந்தது. பல முறை சொல்லியும் மாற்றவில்லை.

ராயபுரம் பாலத்தை ஒட்டிய இறக்கத்தில் திரும்பியபோது அவர் வண்டியைப் பார்த்தேன். இறக்கத்தின் பாதியில், தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில், அவருடைய சக்கரம் இடைவெளியில் சிக்கி நின்றிருந்தது. வண்டி நிறைய இரும்புக் கம்பிகள், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் இறங்கி வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சக்கரத்தில் தோளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் பிரேக்கை இறுக்கினேன். மணல் மிதியை மிதித்தேன். ஒன்றும் விழவில்லை. மணியை மிதித்து மிதித்துக் கால் மரத்துவிட்டது. இத்தனை நாளும் மணி அடித்து அடித்துக் கேட்காத காது, அன்றும் அது வெறும் சண்டை மணி என்றுதான் நினைத்திருக்கும். கடைசி நேரத்தில் திரும்பினார். எங்கள் கண்கள் சந்தித்தன. பக்கவாட்டில் பாய்ந்தார். ஒரு கால் வரவில்லை.

கம்பிகள் தகரத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு என் தொடையை உரசி உள்ளே வந்தன. கைப்பிடி பொருத்தியிருந்த பெட்டி நசுங்கிப் புகைந்தது. கூரைமேல் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளக் கம்பு கழன்று ஆகாசத்தில் ஆடியது. வண்டிக்குள் பெண்கள் அலறினார்கள். கீழே இருந்து அவர் கத்தவில்லை. உறுமினார்.

பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்த வண்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். மூட்டை தூக்கும் கொக்கி அவர்கள் இடுப்பில் எப்போதும் தொங்கும். என் சட்டைக் காலரில் ஒரு கொக்கி மாட்டியது. தடுப்புக்கு மேலாக என்னை இழுத்துத் தண்ணீரில் போட்டார்கள். அதற்குப் பிறகு ஆள் ஆளாகத் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. வாயில் ஒரு மிதி. விலாவில் பல மிதி. இடது கையை யாரோ குதிகாலால் கல்லோடு வைத்து நசுக்கினான். விரல்கள் முறிகிற சத்தம் கேட்டது. என்னைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த கண்டக்டரின் நெற்றியை வண்டி முளைக்குச்சியால் பிளந்துவிட்டார்கள். "கொன்னு போடுங்கடா அந்தக் கஸ்மாலத்த" என்று ஒரு குரல். செத்துப்போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பயம்கூட இல்லை. மழைத் தண்ணீர் மூக்கில் ஏறுவதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

அப்போது அந்தக் குரல் கேட்டது. மாட்டை நிறுத்துகிற குரல்.

"டேய், அவன வுடுங்கடா. அவன் செத்துட்டா இத்த பின்னால எடுக்கறது யாரு? உங்க தாத்தாவா?"

அடி நின்றது.

அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேல் வரை டிராமின் முன்சக்கரத்துக்கும் அடிச் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. இறக்கத்தில் நின்ற டிராமின் பாரமெல்லாம் அவர் பக்கமாகத்தான் அழுத்தியது. ஆட்கள் கூடித் தோள் கொடுத்துப் பின்னால் தள்ளிப் பார்த்தார்கள். ஈரக் கல்லில் கால் வழுக்கி, வண்டி ஒரு விரற்கடை போய்த் திரும்பவும் அவர் மேலேயே வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு முறைதான் அவர் அலறினார். மின்சாரம் கொடுத்து மேட்டில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பக்கத்துப் பெட்டி நசுங்கிவிட்டது. வண்டியின் மறுகோடியில் இதே மாதிரி இன்னொரு பெட்டி உண்டு. அங்கே போய்த்தான் ஓட்ட வேண்டும்.

என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அடித்தவர்களே வழிவிட்டு நின்றார்கள்.

கூரைக் கம்பைத் திருப்பி மின்கம்பியில் மாட்ட வேண்டும். அது கண்டக்டர் வேலை. அவனுக்குக் கண்ணெல்லாம் ரத்தம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தான். காசிமேட்டு மீன்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். "படகுப் பாய் இஸ்துக் கட்டற கைய்யா இது, நவுரு" என்றாள். மழையில் அண்ணாந்து பார்த்து, இரண்டு முறை தவறி, பிறகு மாட்டிவிட்டாள். நீலமாக ஒரு பொறி பறந்தது.

மறுகோடியில் நான் பிரேக்கை இறுக்கினேன். இறுக்கியபின் முன்பக்கத்துப் பிரேக்கைத் தளர்த்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கத்தினேன். இனி அந்த வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது என் வலது கை மட்டும்தான். நான் பிரேக்கைக் கொஞ்சம் முந்தி விட்டுவிட்டால் வண்டி அவர் மேல் இறங்கும். மின்சாரத்தை அதிகம் கொடுத்தால் சக்கரம் அந்த இடத்திலேயே சுழலும், கால் அரைந்துபோகும். இடது கையில் உடைந்த விரல்களோடு கைப்பிடியை மணிக்கட்டால் தள்ளினேன். எனக்கு எதிரே காலியான ஈரத் தண்டவாளம் மட்டும் தெரிந்தது. அவரை என்னால் பார்க்க முடியாது.

"டிராம்காரா" என்று கேட்டது. "நான் சொல்றப்போ எடு. நான் சொல்றப்போ நிறுத்து."

"சரி நைனா."

"இழு."

இழுத்தேன். வண்டி நடுங்கியது. அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு என் கை தானாகவே கைப்பிடியைப் பின்னால் கொண்டுவந்துவிட்டது.

"நிறுத்தச் சொன்னனா? இழுடா பேமானி, இழு."

மறுபடி தள்ளினேன். வாந்தி எடுத்தேன், எடுத்துக்கொண்டே ஓட்டினேன். "இழு... இழு... இழு..." என்று ஒரே சீராக, மூட்டை ஏற்றும்போது சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் "ஹோ" என்றார். மாட்டுக்குச் சொல்கிற ஹோ. பிரேக்கை இறுக்கிவிட்டு அதன்மேலேயே விழுந்தேன்.

அவரைத் தூக்கிப் போனார்கள். காலை எடுத்துவிட்டார்கள். என்னையும் அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வார்டில் போட்டார்கள். போலீஸ்காரர் அவரிடம் வாக்குமூலம் வாங்கப் போனதைப் பக்கத்துப் படுக்கைக்காரர் எனக்கு வந்து சொன்னார். அவர் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் ஜெயிலுக்குப் போய்ட்டா எனக்கு எப்டிக் கெடைப்பான்?" என்றாராம்.

கம்பெனி விசாரணையில் மணல் ஈரமாக இருந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆள் பற்றாக்குறைதான், கை ஆறியதும் மறுபடி வண்டியில் நிறுத்திவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய சில நாளிலேயே அவருடைய மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், இளைஞன், ஆறடி உயரம். பட்டப்பகலில், ராயபுரத்தில் வண்டி நின்று, நான் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து என் தோளில் கொக்கியை இறக்கினான். எலும்பில் இடித்து நின்றது. நான் திரும்பிய வேகத்தில் கைப்பிடி அவன் வாயில் விழுந்தது. கனத்த பித்தளை. முன்பல் எல்லாம் போய்விட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நான் தோளில் தொங்கும் கொக்கியோடு அவன் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை. கண்டக்டர் வந்து கொக்கியை எடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் போதுமா, இன்னும் வோணுமா?" என்று கேட்டான்.

அன்று என் மனைவி சட்டையை அலசிக்கொண்டே, "மாமாகிட்ட நான் பேசுதேன். கடைக்கே போயிருங்க" என்றாள். அவள் எங்கள் ஊர்ப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ரத்தக்கறை போகாத சட்டையை அவள் துவைத்துக்கொண்டே இருந்தாள். நான் கடைக்குப் போகவில்லை. பயந்து ஓடினேன் என்று ஆகிவிடும் என்ற வீம்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கேயாவது ஒளிந்துகொண்டு அதற்காகக் காத்திருப்பதைவிட வண்டியிலேயே நிற்கலாம் என்று தோன்றியது.

கோடை தொடங்கியபோது அவர் வந்தார். கல்மண்டபத்தில் நின்று கையைக் காட்டினார். அக்குளில் ஊன்றுகட்டை. வேட்டி ஒரு பக்கம் காற்றில் ஆடியது. தாழ்ந்த படியில் கட்டையை வைத்து, கம்பியைப் பிடித்து, ஒரு எம்பு எம்பி ஏறினார். நேராக எனக்குப் பின்னால் இருக்கும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பாரிமுனை பக்கத்தில் ஒரு மரக்கிடங்கில் பகல் காவல் வேலை கிடைத்திருக்கிறது என்று கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. பாரிமுனை வரும்வரை என் முதுகு முழுக்க வேர்த்து ஓடியது. இறங்கும்போது கட்டையின் நுனியால் என் முதுகெலும்பில் ஒரு குத்துக் குத்திவிட்டு இறங்கினார். இடித்துவிட்டது போல இல்லை. குத்தினார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். என் வண்டி வரும்வரை மற்ற வண்டிகளை விட்டுவிட்டுக் காத்திருப்பார். பாரிமுனை வரும்வரை வசவு. என்னை, என் அப்பனை, கம்பெனியை, கம்பெனியின் அப்பனை. "தோ, இவன்தான் என் கால எட்த்தவன்" என்று புதிதாக ஏறுகிறவர்களிடம் என்னைக் காட்டுவார். மழைத் தூறல் விழுந்தால் கட்டையால் குத்தி, "மணல் கீதா பார்த்தியா?" என்பார். கண்டக்டர் ஒரு முறை அவரை இறக்கிவிடப் போனான். வேண்டாம் என்றேன். "உனுக்கு இன்னா பைத்தியமா மாமு?" என்று கேட்டான். அவர் பின்னால் இருக்கும்போது பயமாக இருந்தது. வராத நாளில் அதைவிடப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆலைத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். எங்களை ஓட்டக்கூடாது என்றார்கள். கம்பெனி ஓட்டு என்றது. பெரம்பூர்ப் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று ஒரு வதந்தி. காலை பத்து மணி வெயிலில் தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து வந்த கூட்டம் ஒன்று எங்கள் வண்டியை மடக்கியது. தண்டவாளத்தின் குறுக்கே உடைந்த சக்கரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். முதல் கல் என் புருவத்தில் பட்டது. அடுத்தது எங்கே பட்டதென்று தெரியவில்லை. ஜனங்கள் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்தார்கள். குழந்தைகள் வீறிட்டன. நான்கைந்து பேர் கூரையிலிருந்து கம்பை இழுத்து ஒடித்தார்கள். யாரோ ஒருவன் மண்ணெண்ணெய்ப் புட்டியோடு படியில் ஏறினான். இரண்டு பேர் என் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

"வுடுங்கடா. இவன் எனக்கு" என்றார் அவர். "இவன அடிக்கறதுன்னா நான்தான் அடிக்கணும். இத்தப் பாரு." வேட்டியை விலக்கித் துண்டுக்காலைக் காட்டினார். கூட்டத்தில் சத்தம் அடங்கியது. வண்டிக்காரர்கள் சிலருக்கு அவரைத் தெரியும். "ஆமா, இவருக்குத்தான் கால் போச்சு" என்று ஒருவன் சொன்னான்.

அவர் பெஞ்சில் சாய்ந்து நின்றுகொண்டு என்னை அடித்தார். நடிப்பு இல்லை. ஊன்றுகட்டையை இரண்டு கையாலும் ஓங்கி, விலாவில், தோளில், முதுகில். பழைய கொக்கிக் காயத்தின்மேலேயே ஒன்று விழுந்தது. நான் விழுந்தேன். "எந்திர்ரா" என்றார். எழுந்தேன். மறுபடி அடித்தார். கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. அடித்துக்கொண்டே காலரை விடாமல் படியில் இறங்கி, என் தோள்மேலேயே தன் பாரத்தைப் போட்டுக்கொண்டு, அடுத்த சந்துக்குள் என்னை ஓட்டிக்கொண்டு போனார். யாரும் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஜனங்கள் எல்லாம் இறங்கி ஓடியிருந்தார்கள், என் டிராம் காலியாக எரிந்துகொண்டிருந்தது.

சந்தில் ஒரு தண்ணீர்க் குழாய் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவருக்கு இரைத்தது. அவர் நெற்றியிலும் கல் பட்டு ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது."

"நல்லா வலிக்கட்டும்."

என்னைக் காப்பாற்றுவதற்காக அடித்தாரா, அடிப்பதற்கு நல்ல சமயம் வந்ததென்று அடித்தாரா என்று நான் கேட்டதில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் தெரியும்: அன்றைக்குப் பிறகு கட்டையால் என்னைக் குத்துவதை நிறுத்திவிட்டார். வசவு நிற்கவில்லை.

சில வருஷங்களில் டிராமே நின்றுவிட்டது. நஷ்டம் என்றார்கள். ஒரு காலை வேலைக்குப் போனால் கிடங்கின் இரும்புக் கதவில் பூட்டு. உள்ளே வண்டிகள் வரிசையாக நிற்பது கம்பி வழியாகத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் கதவை உலுக்கினார்கள். போலீஸ் தடியோடு வந்தது. கண்டக்டருக்கு மண்டையில் மறுபடியும் தையல். கூட்டம், ஊர்வலம், மனு எல்லாம் நடந்தன. வண்டி ஓடவில்லை. நான் அப்பாவின் கடையில் போய் உட்கார்ந்து பருப்பு நிறுத்தேன். என் மனைவி அதில் சந்தோஷப்பட்டதை நான் குறை சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கண்டக்டர் கடைக்கு ஓடிவந்தான். "உன் ஆளு ஸ்டேஷன்ல கீறான்" என்றான்.

டிராம் போனபிறகு மரக்கிடங்குக்குப் போக அவருக்கு பஸ்தான் கதி. பஸ் படி உயரம். அவர் கட்டையை வைத்து எம்புவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். பல நாள் நடுச்சாலையில் விழுந்திருக்கிறார். அன்று ஒரு கை கம்பியில் இருக்கும்போதே பஸ் கிளம்பி, அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் நின்றபோது, எழுந்து உட்கார்ந்து, கீழே இறங்கி வந்த பஸ் கண்டக்டரின் மூக்கைக் கட்டையால் உடைத்துவிட்டார்.

ஸ்டேஷனில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் இல்லை. போலீஸ்காரர்களும் கொஞ்சம் அடித்திருந்தார்கள், உதடு வீங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அவர்தான் முந்திக்கொண்டார்.

"என் கால எட்த்தவன் சார்."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்புறம் இவன் ஏன்யா உனக்காக வந்து நிக்கிறான்?"

"வேற யாரு வருவாங்க?" என்றார்.

அந்த பஸ் கண்டக்டரும் நல்ல மனுஷன்தான். மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு, தான் பார்க்காமல் மணி அடித்துவிட்டதை ஒத்துக்கொண்டான். மிரட்டி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஊன்றுகட்டையை மட்டும் கொடுக்கவில்லை. அது ஆயுதம், மேலே கேட்டுத்தான் கொடுக்க முடியும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஆகவே அவர் என் தோளில் தொங்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருந்த தன் வீடு வரை வந்தார். சித்திரை வெயில். பாதி வழியில் ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். ஏற மாட்டேன் என்றுவிட்டார். கொக்கி இறங்கிய தோளிலேயே அவர் பாரம் முழுக்க இருந்தது. "ஒயுங்கா நட. பள்ளம் பாத்து நட. டிராம்தான் ஓட்டத் தெரியாது, நடக்கவுமா தெரியாது?" என்று வழியெல்லாம் திட்டினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அவருடைய மச்சான் நின்றுகொண்டிருந்தான். முன்பல் இல்லாத வாய் அவனை வயதானவன் போலக் காட்டியது. என்னைப் பார்த்ததும் அவன் கை முஷ்டியானது. என் கையும் ஆனது. பிறகு அவன் வந்து மறுபக்கத் தோளைக் கொடுத்தான். இரண்டு பேருமாக அவரை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தோம். அவர் மனைவி எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள்.

மரக்கிடங்கு வேலை போய்விட்டது. மச்சான் அலைந்து, தண்டையார்பேட்டையிலேயே ஒரு சணல் கிடங்கில் அவருக்கு வாசல் காவல் வாங்கிக் கொடுத்தான். பஸ் ஏற வேண்டியதில்லை. நான் காலையில் கடைக்குப் போகும்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போவேன். தெருமுனையில் என் தலை தெரிந்ததும், "தோ வர்றான் பாரு, என் கால எட்த்தவன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போய்விடுவேன். சத்தம் வராத நாளில் மட்டும் கிடங்குக்குள் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பேன்.